ரீச் வந்தது, ஆர்டர் வந்ததா? கடலோர வியாபாரிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம். கருவாடு, தொதல் என்ற இனிப்பு, குண்டு மிளகாய், விடுதி எனத் தொழில்கள் வேறு வேறு. ஆனால் கேட்டவர்கள் எல்லோருக்கும் இருப்பது ஒரே குழப்பம்தான்: செல்போன் திரையில் காட்டும் இத்தனை எண்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கருவாடு விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் 500 ரூபாய்க்கு பூஸ்ட் போட்டேன். ரீச் 5,000, இம்ப்ரெஷன் 8,000 என்று காட்டுகிறது. மகன் சி.டி.ஆர். பார்க்கணும் என்கிறான். போட்டுக்கொடுத்தவர் "ரோவாஸ் ஏழு வந்திருக்கு, அருமை" என்கிறார். எனக்கு லாபமா, நஷ்டமா?
– வாசகி, தங்கச்சிமடம்

காசு கொடுத்து நம் பதிவை விளம்பரமாகப் பலருக்குக் காட்டுவதுதான் பூஸ்ட். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ரீச் என்பது பார்த்த ஆட்கள், இம்ப்ரெஷன் என்பது பார்த்த தடவைகள். உங்கள் கடை வாசலை ஒரே ஆள் மூன்று முறை கடந்து போனால் ரீச் ஒன்று, இம்ப்ரெஷன் மூன்று. எட்டாயிரத்தை ஐந்தாயிரத்தால் வகுத்தால் 1.6 வரும். இதற்கு ஃப்ரீக்வென்ஸி என்று பெயர். இது மூன்று, நான்கு என்று ஏறினால் அதே ஆட்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டுகிறது என்று அர்த்தம். அப்போது படத்தை மாற்றுங்கள், அல்லது ஊரை மாற்றுங்கள்.

ஆயிரம் முறை காட்ட ஆகும் செலவு சி.பி.எம். எட்டாயிரத்துக்கு 500 ரூபாய் என்றால் ஆயிரத்துக்கு 62 ரூபாய் 50 காசு. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 120 பேர் விளம்பரத்தை அழுத்தியதாக இருக்கிறது. 120-ஐ 8,000-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 1.5 சதவீதம். மகன் சொல்கிற சி.டி.ஆர். இதுதான். ஓர் அழுத்தலுக்கு ஆன செலவு, அதாவது சி.பி.சி., சுமார் 4 ரூபாய் 17 காசு.

இனிமேல்தான் விஷயமே. அந்த 120 பேரில் வாட்ஸ்அப்பில் பேசியவர்கள் 40. வாங்கியவர்கள் 8. இந்த எட்டுக்குப் பெயர் கன்வெர்ஷன். சராசரி பில் 450 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டுக்கு 3,600 ரூபாய். அதை 500-ஆல் வகுத்தால் 7.2. ரோவாஸ் என்பது இந்த ஏழுதான். விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை என்பதை மட்டும் அது சொல்லும். சரக்கு, கவர், அட்டைப்பெட்டி, கூரியர் எதுவும் அதில் கழியாது.

நீங்கள் கழித்துப் பார்க்க வேண்டிய கணக்கு இது. எல்லாச் செலவும் போக ஓர் ஆர்டருக்கு 110 ரூபாய் நிற்கிறது என்றால் எட்டுக்கு 880. விளம்பரத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, ஆகவே உங்கள் கையை விட்டுப் போனது 500 இல்லை, 590. மிச்சம் 290 ரூபாய். நஷ்டம் இல்லை. ஆனால் "அருமை" என்று சொல்லும் அளவுக்கும் இல்லை. ஓர் ஆர்டரைப் பிடிக்க 73 ரூபாய் 75 காசு ஆகியிருக்கிறது. அந்த எண்ணைக் கணக்கு நோட்டில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். அது 110-ஐத் தொட்டால் விளம்பரத்தை நிறுத்திவிட வேண்டும்.

எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கவும் இதே எண்கள் உதவும். பார்த்தவர்கள் அழுத்தவில்லை என்றால் படமோ முதல் வரியோ சரியில்லை. அழுத்தியவர்கள் பேசவில்லை என்றால் விலை தெரியாமல் தயங்குகிறார்கள். பேசியவர்கள் வாங்கவில்லை என்றால் பதில் தாமதம், அல்லது கடைசியில் சொல்லும் கூரியர் கட்டணம். உங்களிடம் கேட்டுவிட்டு வாங்காமல் போன 32 பேரின் சாட்டையும் திறந்து, கடைசிச் செய்தி என்ன என்று பாருங்கள். அரை மணி நேர வேலை. "கூரியர் எவ்வளவு?" என்பதோடு பல சாட் நின்றிருந்தால், அடுத்த படத்தில் "நெத்திலி அரைக்கிலோ, தமிழ்நாடு முழுவதும் கூரியர் உட்பட" என்று ஒரே விலையாகப் போடுங்கள். கடைசிச் செய்தி அவர்களுடையதாகவே இருந்து, நீங்கள் மறுநாள் பார்த்திருந்தால், பூஸ்டை நீங்கள் போனும் கையுமாக இருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று. பூஸ்ட் போடும்போது நோக்கம் என்ன என்று கேட்கும். லைக், கமென்ட் வகையை எங்கேஜ்மென்ட் என்பார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் லைக் போடும் பழக்கம் உள்ளவர்களிடம்தான் விளம்பரம் போகும். கேட்டதைத்தான் அந்த இயந்திரம் தரும். உங்களுக்கு வேண்டியது வாட்ஸ்அப்பில் பேசுகிறவர்கள். மெசேஜ் என்ற நோக்கத்தையே எப்போதும் தேர்ந்தெடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் சரக்கு இருப்பைப் பார்த்து பூஸ்ட் போடுங்கள். காலியான சரக்குக்கு ஓடும் விளம்பரம் சுத்த விரயம்.

பனையோலைப் பெட்டி, கூடை செய்கிற மகளிர் குழு நாங்கள். விளம்பரத்தில் ஆடியன்ஸ், அதாவது யாருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டபோது ஊரைச் சுற்றி 80 கிலோமீட்டர் என்று வைத்தோம். ஒருவரும் கேட்கவில்லை.
– மகளிர் குழு, ராமேஸ்வரம்

வரைபடத்தில் ராமேஸ்வரத்தில் ஊசி குத்தி 80 கிலோமீட்டர் வட்டம் போட்டால் முக்கால்வாசி கடல். கிழக்கே தலைமன்னார், மன்னார் வரை வட்டம் நீளும். மேற்கே ராமநாதபுரத்தைச் சற்றுத் தாண்டி நிற்கும், மதுரை உள்ளே வராது. ஓலைப்பெட்டியை ஆசையாக வாங்கக்கூடிய சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆட்களுக்கு உங்கள் விளம்பரம் காட்டப்படவே இல்லை.

கூரியரில் அனுப்பும் பொருளுக்கு வட்டம் வேண்டாம். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்து சேருங்கள். முதலில் இரண்டே நகரம், ஊருக்கு ஐந்து நாள், ஒரே படம். எந்த ஊரில் ஓர் ஆர்டருக்குச் செலவு குறைவோ, அந்த ஊரில் தொடருங்கள். ஒன்றை மட்டும் மாற்றி இரண்டை ஒப்பிடும் இந்த முறைக்கு ஏ/பி டெஸ்ட் என்று பெயர். படத்தையும் ஊரையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று ஒருக்காலும் தெரியாது.

இன்ட்ரஸ்ட் என்ற பகுதியில் பத்துப் பதினைந்து விருப்பங்களை அடுக்காதீர்கள். கல்யாணத் தாம்பூலப் பைக்குப் பதில் ஓலைக்கொட்டான் விற்கிறீர்கள் என்றால் திருமணம் சார்ந்த இரண்டு மூன்று போதும். படத்தில் அளவைக் காட்டுங்கள். உள்ளே ஒரு தேங்காயும் வெற்றிலையும் வைத்துப் படம் எடுத்தால், எவ்வளவு பெரியது என்று கேட்டு வரும் பாதி மெசேஜ் மிச்சம்.

புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் போவதை ரீல்ஸ் போட்டேன். 2 லட்சம் வியூஸ். என் மீன் ஊறுகாய்க்கு ஒரு ஆர்டர்கூட வரவில்லை. ஏன்?
– வாசகர், பாம்பன்

பார்த்தவர்கள் பாலத்தைப் பார்த்தார்கள், ஊறுகாயைப் பார்க்கவில்லை. 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து அந்தப் பாலத்துக்கு இருக்கும் மவுசு வேறு, உங்கள் பொருளுக்கு வேண்டிய கவனம் வேறு. வியூஸ் என்பது எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரின் திரையில் தானாக ஓடியதும் அதில் சேரும்.

ஆனாலும் அந்த 2 லட்சத்தை வீணாக்க வேண்டாம். ரீல்ஸின் இன்சைட்ஸ் பகுதியைத் திறந்து, பார்த்தவர்கள் எந்த ஊர், சராசரியாக எத்தனை நொடி பார்த்தார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டு நகரங்கள் மேலே இருந்தால் வேலைக்கு ஆகும். வட மாநில நகரங்கள் மட்டும் என்றால் மகிழ்ச்சியோடு விட்டுவிடுங்கள்.

அடுத்து ஆட்ஸ் மேனேஜருக்கு, அதாவது இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை நிர்வகிக்கும் தளத்துக்குப் போங்கள். பூஸ்ட் பட்டன் சுருக்கு வழி. முழு வசதியும் இங்கேதான் இருக்கிறது. அதில் கஸ்டம் ஆடியன்ஸ் என்ற இடத்தில் வீடியோவைத் தேர்ந்தெடுத்து, "குறைந்தது 75 சதவீதம் பார்த்தவர்கள், கடந்த 30 நாள்" என்று ஒரு பட்டியல் உருவாக்குங்கள். அந்தப் பட்டியலுக்கு மட்டும் ஊறுகாய் விளம்பரத்தைக் காட்டுங்கள். ஏற்கெனவே உங்களைப் பார்த்தவரிடம் மறுபடி போவதுதான் ரீடார்கெட்டிங். முன்பின் தெரியாதவரைவிட இவர் திரும்பிப் பார்க்க வாய்ப்பு அதிகம். நாளுக்கு 100 ரூபாய், ஐந்து நாள் போட்டுப் பாருங்கள்.

பாலம் ரீல்ஸையே பூஸ்ட் செய்யாதீர்கள். அதில் சினிமாப் பாட்டு இருந்தால் பூஸ்டே ஏற்காது, பிறருக்குக் காப்புரிமை உள்ள இசையை விளம்பரத்தில் பயன்படுத்த முடியாது. அடுத்த ரீல்ஸில் பாலம் பின்னால் இருக்கட்டும், முதல் மூன்று நொடியில் ஜாடியைத் திறந்து எண்ணெய் மிதக்கும் துண்டைக் கரண்டியில் எடுங்கள். மீன் பெயர், எடை, விலை மூன்றும் எழுத்தில் தெரிய வேண்டும்.

தொதல் செய்து விற்கிறோம். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் அனுப்பினால் பாதிப் பேருக்கு ஒற்றை டிக்கோடு நிற்கிறது. ஏ.பி.ஐ. வாங்குங்கள் என்று ஒருவர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா?
– வாசகி, கீழக்கரை

உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். அவர் பெயர் உங்கள் போனில் இருந்தால் போதாது. ஒரு பட்டியலில் 256 பேர்தான். ஆகவே முதல் வேலை, சேமிக்க வைப்பது. பார்சலுக்குள் ஒரு சின்ன அட்டை வைத்து, "இந்த எண்ணைக் கடைப் பெயரில் சேமித்தால் பெருநாள் விலைப்பட்டியல் முதலில் வரும்" என்று எழுதுங்கள்.

ஏ.பி.ஐ. என்பது வாட்ஸ்அப்பை நிறுவனத்தின் கணினி மென்பொருளோடு இணைக்கும் வசதி, நூற்றுக்கணக்கில் தினமும் செய்தி வரும் நிறுவனங்களுக்கு. அதில் நீங்களாக அனுப்பும் விளம்பரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் காசு. 2025 ஜூலை முதல் போய்ச் சேர்ந்த செய்திக் கணக்கில் பிடிக்கிறார்கள். நடுவில் இருக்கும் நிறுவனத்துக்கு மாதக் கட்டணமும் இருக்கலாம். சில நூறு வாடிக்கையாளர் உள்ள உங்களுக்கு இலவசமான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியே தாராளம். அதைவிட மோசமானது, "ஒரே நேரத்தில் 5,000 பேருக்கு அனுப்பலாம்" என்று விற்கும் மாற்றுச் செயலி. அதைப் பயன்படுத்தியதற்காக வாட்ஸ்அப் உங்கள் எண்ணை முடக்கினால் பல வருட வாடிக்கையாளர் பட்டியலும் கூடவே போய்விடும். தொடவே வேண்டாம்.

செயலியில் நான்கு இடத்தைச் சரிசெய்யுங்கள். கேட்டலாகில் ஒவ்வொரு அளவையும் தனிப் பொருளாகப் போடுங்கள். கால் கிலோ, அரைக்கிலோ, ஒரு கிலோ என்று எடை, விலை, எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம், 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் விவரத்தில் இருக்கட்டும். குயிக் ரிப்ளையில் கூரியர் கட்டணம், பணம் கட்டும் முறை, அனுப்பும் நாள் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் கையால் தட்டும்போதுதான் விலை மாறிப்போய்ச் சண்டை வருகிறது. லேபிளில் "பணம் வரவில்லை", "பேக் செய்யணும்", "அனுப்பியாச்சு" என்று நிறம் பிரியுங்கள். கடைசியாக அவே மெசேஜ். துபாயில் இரவு ஒன்பது மணி என்றால் கீழக்கரையில் பத்தரை. அங்கிருந்து ஊரில் உள்ள வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கிறவர் அந்த நேரத்தில்தான் ஓய்வாக இருப்பார். "காலை எட்டு மணிக்குப் பதில் வரும், அதற்குள் கேட்டலாகைப் பாருங்கள்" என்று ஒரு வரி தானாகப் போனால் அவர் வேறு கடைக்குப் போக மாட்டார்.

கோயில் அருகே எட்டு அறை விடுதி. முப்பது நாளில் கூகுளில் முதல் இடம், எஸ்.இ.ஓ. செய்ய 25,000 ரூபாய் என்று ஒரு நிறுவனம் கேட்கிறது.
– வாசகர், ராமேஸ்வரம்

கொடுக்காதீர்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தேடுகிறவர் கண்ணில் காசு கொடுக்காமல் தானாக மேலே வர, பக்கத்தைச் செம்மைப்படுத்தும் வேலைதான் எஸ்.இ.ஓ. அது மாதக்கணக்கில் ஆகிற வேலை.

எட்டு அறைக்கு இணையதளத்தைவிட, கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் விடுதியின் விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் முக்கியம். பழைய பெயர் கூகுள் மை பிசினஸ், 2021-ல் பெயர் மாறியது. முழுக்க இலவசம். பதிவுக்குப் பணம் கேட்டு யாராவது அழைத்தால் கூகுள் இல்லை. உறுதிப்படுத்த வீடியோ கேட்கலாம். தெரு, பெயர்ப்பலகை, நீங்கள் சாவி போட்டு அலுவலக அறையைத் திறப்பது மூன்றையும் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். பெயர்ப்பலகையில் உள்ள பெயரையே எழுதுங்கள். பெயரோடு "கோயில் அருகில் குறைந்த விலை ஏ.சி. ரூம்" என்று ஒட்டினால் கணக்கை முடக்கிவிடுவார்கள், மீட்பது பெரும்பாடு.

வரைபட ஊசி உங்கள் வாசலிலேயே இருக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். நான்கு கோபுர வாசல் உள்ள ஊரில் ஊசி ஒரு தெரு தள்ளியிருந்தால், விடிகாலை வண்டியில் வந்து இறங்கும் குடும்பம் பெட்டியோடு அலையும், ஒற்றை ஸ்டார் கொடுத்துவிட்டுப் போகும். வெந்நீர் எத்தனை மணி முதல், கார் நிறுத்த இடம் உண்டா, லிஃப்ட் உண்டா, தீர்த்தமாடி ஈரத்துணியோடு வருகிறவர் துணி காயப்போட இடம் உண்டா என்பதைப் படத்தோடு போடுங்கள். முதியவர்களை அழைத்து வருகிறவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். ரிவ்யூவுக்கு அறை வாடகையில் தள்ளுபடி தராதீர்கள், அது விதிமீறல். கேட்டு வாங்குவது தவறில்லை.

காசு போடத்தான் வேண்டும் என்றால், ஃபேஸ்புக்கைவிட கூகுள் தேடல் விளம்பரம் விடுதிக்குப் பொருந்தும். அங்கே வருகிறவர் அறை தேடியே வருகிறார். அவர் தேடும் சொற்றொடர்தான் கீவேர்ட். அதைவிடக் காசைக் காப்பது நெகட்டிவ் கீவேர்ட், அதாவது எந்தச் சொல் வந்தால் விளம்பரம் காட்டக் கூடாது என்ற பட்டியல். "வேலை", "இலவச", "தேவஸ்தான" என்ற சொற்களை முதல் நாளே சேருங்கள். இல்லையென்றால் விடுதியில் வேலை தேடுகிறவர் அழுத்துவதற்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முந்தைய மூன்று வாரம் ஓட்டுங்கள். அமாவாசை அன்று அறை நிரம்பியபின் நிறுத்த மறக்காதீர்கள்.

முப்பது ஹேஷ்டேக் போடச் சொல்கிறார்கள். குண்டு மிளகாய்க்கு எவை போடுவது?
– வாசகர், சாயல்குடி

மூன்று நான்கு போதும். ஹேஷ்டேக்கைவிட, படத்தின் கீழே எழுதும் வாக்கியமும் கணக்கின் பெயரும்தான் தேடலில் உதவும். பெயர் என்ற கட்டத்தில் கடைப் பெயரோடு "ராமநாதபுரம் குண்டு மிளகாய்" என்று தமிழிலும், பலர் தேடுவதுபோல ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். அந்தப் பெயரை 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், எழுத்துப்பிழை பார்த்துச் சேமியுங்கள். நம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்த முத்திரையைப் பாக்கெட்டில் அச்சிட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் போடாதீர்கள்.

கடலுணவு உணவகம் நடத்துகிறேன். ஒரு லட்சம் ஃபாலோயர் உள்ள இன்ஃப்ளூயன்ஸர் ஒரு வீடியோவுக்கு 15,000 கேட்கிறார்.
– வாசகர், மண்டபம்

ஃபாலோயர் எண்ணிக்கையை விலைக்கு வாங்கலாம், அதனால் அதைப் பார்க்காதீர்கள். கடைசி 30 நாள் இன்சைட்ஸைத் திரையில் திறந்து காட்டச் சொல்லுங்கள்: எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊர்க்காரர்கள். காட்ட மறுத்தால் பேச்சை முடித்துவிடுங்கள். கமென்ட்களையும் படியுங்கள். "எங்கே இருக்கு, எத்தனை மணி வரை" என்று கேட்கும் பத்து கமென்ட், இதயப் படம் போட்ட ஆயிரத்தைவிட மேல்.

உங்கள் சாப்பாட்டில் ஒரு மேசைக்கு 200 ரூபாய் நிற்கிறது என்றால், 15,000-ஐ எடுக்க 75 மேசை கூடுதலாக வர வேண்டும். வந்தவர்களை எண்ண, அவர் வீடியோவில் ஒரு குறிச்சொல் சொல்லட்டும், அதைச் சொல்பவருக்கு ரசமோ கூட்டோ இலவசம் என்று வையுங்கள். பாதிப் பணம் முன்பு, மீதி வீடியோ வெளியான பிறகு. எத்தனை நாள் நீக்கக் கூடாது, வீடியோவை நீங்கள் விளம்பரமாக ஓட்டலாமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். காசு வாங்கிப் போடும் வீடியோவில் அது விளம்பரம் என்று தெரியும்படி குறிப்பிட வேண்டும், இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது.

சங்கு, சிப்பிப் பொருள் விளம்பரம் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறது.
– வாசகர், ஏர்வாடி

விலங்கின் பாகங்களை விற்பதில், ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் கடுமையாக இருக்கிறது. படத்தைத் தானாகச் சோதிக்கும் இயந்திரத்துக்குச் சங்கும் பவளமும் ஒன்றாகவே தெரியலாம். பின்னணியில் பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் விசிறி எதுவும் இல்லாமல் எடுங்கள். அவை 1972 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. விளம்பரம் போவது இருக்கட்டும், வழக்கே வரும். நீங்கள் விற்கும் இனம் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இல்லை என்று வனத்துறையிடம் உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு மறுபரிசீலனை கேளுங்கள்.

பெரிய ஆர்டர் தருகிறேன் என்று சொன்னவர், முன்பணம் அனுப்ப க்யூ.ஆர். கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, தொண்டி

கூடவே கூடாது. பணம் பெறுவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, யு.பி.ஐ. ரகசிய எண்ணும் தேவையில்லை. ரகசிய எண் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். சீருடைப் பணியில் இருப்பதாக அடையாள அட்டைப் படம் அனுப்பி, விலை பேசாமல் ஐம்பது கிலோ கேட்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். "உங்கள் பக்கம் காப்புரிமை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்" என்று இணைப்போடு வரும் மெசேஜும் இதே வகைதான், அழுத்தாதீர்கள். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கை மாறுவதற்குள் புகார் பதிவானால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு. வங்கிக் குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.